மறக்கவில்லை, கலைத்தாள்: மணமான பெண்ணின் மறைபொருளும் தமிழ் வினைமுற்றும்

முன்னுரை

மணமான பெண்ணொருத்தி தன் கருவைப் பற்றித் தானே ஒரு முடிவை மேற்கொண்டு அதனைக் கணவனிடமிருந்து மறைப்பதும், மணத்திற்கு முன் நேசித்தவனை உள்ளத்தினின்று நீக்காதிருப்பதும் இந்தியப் புனைகதைக்குப் புதியன அல்ல. இப்பொருள்களை அறம், குடும்பம், பெண்ணுரிமை ஆகிய நோக்குகளில் திறனாய்வாளர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆயின், இத்தகைய மறைபொருள் மொழியின் எந்தக் கூறில் தங்கியிருக்கிறது, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும்போது அது காக்கப்படுகிறதா அன்றி வெளிப்பட்டுவிடுகிறதா என்னும் வினா மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

மேற்கூறிய மறைபொருளில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, செய்து முடித்த செயல். மற்றொன்று, விட்டு நீங்காத நினைவு. தமிழ் வினையமைப்பு இரண்டாவதனை எளிதில் மறைக்கிறது. முதலாவதனை மறைக்க விடுவதில்லை. மலையாளத்திலோ இரண்டும் ஒரே தன்மையில் மறைகின்றன. இவ்வேறுபாடு மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் ஒரு பெண்ணின் மானத்தையும், சில வேளைகளில் சட்டத்தின் முன் அவள் நிலையையும் தொடும் அளவுக்குச் செல்கிறது என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

1. ஒரு சான்று வாக்கியம்

போர்ட் கொச்சியும் அதனை ஒட்டிய மட்டாஞ்சேரியும் மொழிக்கலப்பு மிக்க பகுதிகள். மலையாளத்துடன் கொங்கணியும் குஜராத்தியும் அங்கு வழங்குகின்றன. வேளி என்னுமிடத்தில் சலவைத் தொழில் செய்து வாழும் வண்ணார் குடும்பங்கள் தமிழ் மரபினர். இத்தகைய இடத்தில் ஒரு மொழியின் இரகசியம் அடுத்த வீட்டு மொழிக்குப் பெயர்வது நாள்தோறும் நிகழக்கூடியது. ஆய்வின் பொருட்டு அங்குள்ள பேச்சுவழக்கை ஒட்டிப் பின்வரும் வாக்கியத்தை அமைத்துக்கொள்ளலாம்:

'பழய ஆளெ மறந்நிட்டில்ல; வயற்றிலுள்ளது களஞ்ஞு; கெட்டியோன் அறிஞ்ஞிட்டில்ல.'

முதல் இரு தொடர்களிலும் எழுவாய் இல்லை. மறவாதவர் யார், வயிற்றிலிருந்ததை நீக்கியவர் யார் என்பதை வினைமுற்று சொல்லவில்லை. பேசுபவள் தன்னைப் பற்றிச் சொல்கிறாளா, தங்கையைப் பற்றியா, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றியா என்பது சூழலால் மட்டுமே அறியத்தக்கது. இதனைத் தமிழாக்குபவர் முதல் தொடரை 'பழைய ஆளை மறக்கவில்லை' என்று தடையின்றிப் பெயர்த்துவிடுவார். இரண்டாம் தொடரில் அவர் கை நிற்கும். 'கலைத்தாள்' என்றால் செய்தவள் ஒரு பெண் என்பதும் அவள் படர்க்கையில் நிற்கிறாள் என்பதும் தெரிந்துவிடும். 'கலைத்தேன்' என்றால் அது வாக்குமூலமாகிவிடும். 'கலைத்தார்கள்' என்றால் பழி உறவினர் மீதோ மருத்துவர் மீதோ செல்லும். மூலம் சொல்லாத ஒன்றைத் தமிழ் சொல்லியே தீரவேண்டியுள்ளது.

2. வினைமுற்றும் வினைமுதலும்

இவ்வேறுபாட்டின் வேர் நன்கு அறியப்பட்டதே. ஏ. ஆர். இராஜராஜவர்மா 1896இல் வெளியிட்ட கேரளபாணினீயத்தில், தமிழினின்று மலையாளத்தை வேறுபடுத்தும் ஆறு நியமங்களுள் ஒன்றாகப் 'புருஷபேத நிராசம்' என்பதனைக் குறித்தார். இடம், பால், எண் காட்டும் விகுதிகள் மலையாள வினைமுற்றினின்று நீங்கிவிட்டன என்பது இதன் பொருள். தமிழில் அவை நிலைத்து நிற்கின்றன.

ஆயினும், தமிழின் எல்லா வினைமுற்றுகளும் விகுதி ஏற்பன அல்ல. இக்காலத் தமிழில் 'இல்லை' சேர்ந்த எதிர்மறை வினை ஐம்பால் மூவிடத்திற்கும் பொதுவானது. நான் மறக்கவில்லை, அவள் மறக்கவில்லை, அவர்கள் மறக்கவில்லை என எல்லாவற்றிற்கும் வடிவம் ஒன்றே. எனவே, ஒரு பெண்ணின் நீங்காத காதல் 'மறவாமை' என்னும் எதிர்மறையாகச் சொல்லப்படும்போது தமிழும் மலையாளத்தைப் போலவே வாய்மூடி நிற்கிறது. உடன்பாட்டில் சொல்லும்போதும் தமிழுக்கு வேறொரு வழி உண்டு. 'அவள் அவனை நினைத்தாள்' என்பதில் அவள் வினைமுதல். 'அவளுக்கு அவன் நினைவு வந்தது' என்பதில் அவள் நான்காம் வேற்றுமை ஏற்று, தனக்கு நேர்ந்ததை நுகர்பவளாக மட்டும் நிற்கிறாள், வந்தது நினைவு. குற்றம் சாட்ட எவரும் அகப்படுவதில்லை.

செயலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 'கலை' என்னும் அடியிலிருந்து கலைந்தது, கலைத்தாள் என்னும் இரு வடிவங்கள் பிறக்கின்றன. கு. பரமசிவம் இக்காலத் தமிழ் மரபு (1983) என்னும் நூலில் இவ்வகை இணைகளை இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்துக் காட்டியுள்ளார். ஒரே ஒரு மெய்யெழுத்தின் மாற்றத்தால் நேர்ந்த இழப்பு, செய்த செயலாகிவிடுகிறது. பெயர்ச்சொற்களிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. கருச்சிதைவு என்பது தானே நிகழ்வது. அதன் 'வு' ஈறு இயங்குவினையினின்று வந்தது. கருக்கலைப்பு என்பது செய்யப்படுவது. அதன் 'ப்பு' ஈறு இயக்குவினையினின்று வந்தது. அழிவு, அழிப்பு என்பனவும் இவ்வாறே. தமிழ்ப்பெண் தன் இரகசியத்தைக் காக்க வேண்டுமாயின் 'கலைத்தேன்' என்பதற்கு மாறாகக் 'கலைந்துவிட்டது' என்று சொல்லவேண்டும். அஃதாவது, மலையாளத்தில் மௌனம் போதுமான இடத்தில் தமிழில் பொய் தேவைப்படுகிறது.

வீட்டுவழக்கில் கருவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வினைமுதலைத் தவிர்த்தே அமைகிறது என்பதும் நோக்கற்பாலது. முழுகாமல் இருக்கிறாள், உண்டாகியிருக்கிறாள், நாள் தள்ளிப்போயிற்று, கரு தங்கவில்லை ஆகிய தொடர்களில் எதுவும் அவள் செய்ததாகச் சொல்லப்படவில்லை. எதிர்மறையும் இயங்குவினையுமே இங்கு ஆட்சி செய்கின்றன. பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சில் அவளே வினைமுதலாகும் இடம் மரபில் அரிதாகவே ஒதுக்கப்பட்டிருந்தது எனலாம். அவள் வினைமுதலாக நிற்கும் கலைத்தாள் என்னும் முற்று அதனாலேயே கடுமையாக ஒலிக்கிறது.

அண்டை மொழிகளுக்கிடையே போலி ஒப்புமைகளும் உண்டு. மலையாளக் 'களயுக' என்பது எறிதல், நீக்குதல் என்னும் பொருளில் வருவது; தமிழ்க் களைதலோடு உறவுடையது; கலைத்தலோடு அன்று. 'களஞ்ஞுபோயி' என்றால் தொலைந்துபோயிற்று என்பது பொருள். எனவே துணைவினை ஒன்று சேர்வதாலேயே நீக்கியது இழந்ததாகிவிடுகிறது. மலையாளத்தில் 'கர்ப்பம் அலசி' என்றால் கரு தானே சிதைந்தது என்று பொருள்; 'அலசிப்பிச்சு' என்றால் சிதைவித்தமை. தமிழ் வண்ணார்க்கு அலசுதல் துணியை நீரில் அலசுதலே. ஒலியை நம்பிப் பெயர்ப்பவர் இங்கு வழுவுவது எளிது.

3. நீங்காத நினைவு: செம்மீன்

அகப்பொருள் இலக்கணம் களவு, கற்பு என இரு கைகோள்களை வகுத்தது. களவில் தலைவி மறைக்கலாம். தோழியிடம் மட்டும் சொல்லலாம். அலர் எழும்போது அறத்தொடு நிற்கலாம். கற்பிலோ அவளுக்கு மறைக்கத்தக்கது எதுவும் வகுக்கப்படவில்லை. பரத்தையிற் பிரிவு தலைவனுக்கே உரியது. மணத்தின் பின்னும் வேறொருவனை நினைக்கும் பெண்ணுக்கு மரபு ஒரு துறையை அமைத்துத் தரவில்லை. இவ்வெற்றிடத்தில்தான் இருபதாம் நூற்றாண்டு நாவல் கால் வைத்தது.

கொச்சிக்குத் தெற்கே ஆலப்புழைக் கடற்கரையைக் களமாகக் கொண்டு தகழி சிவசங்கரப் பிள்ளை எழுதிய செம்மீன் 1956இல் வெளிவந்து, 1957ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். கறுத்தம்மா பழனியை மணந்து ஒரு பெண்குழந்தைக்குத் தாயான பின்னும் பரீக்குட்டியை மறக்க இயலாதவளாக இருக்கிறாள். கரையிலுள்ள மனைவியின் கற்பே கடலில் உள்ள கணவனைக் காக்கும் என்னும் நம்பிக்கை அவளைச் சூழ்ந்திருக்கிறது. இங்குக் குற்றமாக எண்ணப்படுவது செயலன்று, மறவாமை. மறவாமை எதிர்மறையாதலின், மேலே காட்டியவாறு, மலையாளம் மறைத்ததைத் தமிழாலும் மறைக்க இயல்கிறது. தமிழ் வாசகர் இந்நாவலைத் தம் மொழியின் நாவலைப் போலவே ஏற்றுக்கொண்டதற்கு மொழிபெயர்ப்பாளரின் திறம் முதற்காரணம். கதையின் மையமான மறைபொருளுக்கு இரு மொழிகளும் ஒத்த இலக்கணம் உடையன என்பது துணைக்காரணம். கறுத்தம்மாவின் இரகசியம் கருவைப் பற்றியதாக இருந்திருப்பின் தமிழாக்கம் இத்துணை இயல்பாக அமைந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது.

4. பிறப்பின் மறைபொருள்: இரு தலைப்புகள்

தமிழ் நாவல்களிலேயே பிறப்பின் மறைபொருளை நேரே எடுத்துக்கொண்டவை இரண்டு இங்குக் கருதத்தக்கவை. தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் (1966) அலங்காரத்தின் கதை. தண்டபாணியின் மனைவியான அவளுக்குச் சிவசுவோடு உள்ள உறவும், இளைய பிள்ளைகளின் பிறப்பைப் பற்றிய உண்மையும் மகன் அப்புவுக்குச் சிறிது சிறிதாகப் புலப்படுகின்றன. கணவனோ அறிந்தும் பேசாதிருக்கிறான். ஆசிரியர் தலைப்பில் வைத்தது ஓர் எழுவாயும் ஓர் இயங்குவினையும் மட்டுமே. வந்தவள் எதைச் செய்தாள் என்று தலைப்பு சொல்லவில்லை, தீர்ப்பும் கூறவில்லை. 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்போ 'அப்புவின் அம்மாவின் பாவங்கள்' என்று பொருள்படுவது. தமிழில் எழுவாயாக நின்ற அம்மா ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமைக்கு இறங்கிவிட்டாள். வினை மறைந்து, அவ்விடத்தில் பாவம் என்னும் பெயர் வந்து அமர்ந்துள்ளது. நூலைத் திறக்குமுன்னரே இரகசியமும் தீர்ப்பும் வாசகர் கையில் தரப்பட்டுவிடுகின்றன. மகனோடு மெல்ல அறிந்து, மகனைப் போலவே தீர்ப்புச் சொல்ல இயலாமல் திகைக்க வேண்டிய வாசக அனுபவம் இதனால் குறைவுபடுகிறது.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) மற்றொரு வகை. மகப்பேறற்ற பொன்னா திருச்செங்கோட்டுத் திருவிழாவுக்குச் செல்கிறாள். கணவன் காளி இசைந்துவிட்டான் என்று அவளிடம் சொல்லப்படுகிறது. உண்மையில் அவன் இசையவில்லை. மறைப்பவர்கள் உறவினர், அவளும் ஏமாற்றப்பட்டவளே. ஆகவே, அவள் மேற்கொண்ட தெரிவு அவளுடையதுதானா என்னும் வினாவை நாவல் திறந்தே வைத்திருக்கிறது. 2013இல் அநிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன் தலைப்பு 'ஒரு பாகம் பெண்' என்று பொருள்படும். தமிழ்த் தலைப்பு மாதினை ஒரு பாகத்தே உடையவன் என ஆண்பால் விகுதி பெற்ற தொடர், தலைமைச்சொல் ஆணுக்குரியது. ஆங்கிலத்தில் அவ்விகுதிக்கு இடமில்லாமையால் பெண்ணே முன் நிற்கிறாள். பொன்னாவின் கதை என்று நோக்கின் இது இழப்பன்று. ஆயினும், காளியின் கதையும் அதனுள் இருக்கிறது என்பதைத் தமிழ் விகுதி நினைவூட்டியது போல ஆங்கிலத் தலைப்பால் நினைவூட்ட இயலவில்லை. இந்நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக ஆசிரியர் 2015 ஜனவரியில் எழுத்தைக் கைவிடுவதாக அறிவித்ததும், சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலை 5ஆம் நாள் அவர் சார்பில் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. புனைவு திறந்து வைத்த வினாவுக்குச் சிலர் இயக்குவினையிலேயே விடை கண்டனர். யார் செய்தது, எந்த ஊரார் செய்தது என்று கேட்டனர்.

இவற்றோடு மட்டாஞ்சேரியைக் களமாகக் கொண்ட ஒரு நாவலையும் ஒப்பிடலாம். சல்மான் ருஷ்தி 1995இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, 'மூரின் இறுதிப் பெருமூச்சு' என்று பொருள்படும் தலைப்புடைய நாவலில், கொச்சி மிளகு வணிகக் குடும்பத்து ஆரோராவும் மட்டாஞ்சேரி யூதராகிய ஆபிரகாமும் இணைகின்றனர். பணமுடை நேர்ந்தபோது ஆபிரகாம் தன் முதல் ஆண்மகவைத் தாயிடம் ஒப்படைப்பதாக வாக்களித்து உதவி பெறுகிறான். கருவைச் சுமக்க வேண்டியவள் அப்பேரத்தில் இல்லை. மறுபுறம், கதைசொல்லியாகிய மகனின் தந்தை யார் என்னும் ஐயத்தையும் நாவல் எழுப்பித் தீர்க்காமல் விடுகிறது. கணவன் மறைத்த பேரமும் மனைவி சொல்லாத உண்மையும் எதிரெதிரே நிற்கின்றன. ஆங்கிலத்தில் எழுவாய் இன்றி வாக்கியம் அமைவது அரிது. எனவே அங்கு மறைவு இலக்கணத்தால் அன்றி, ஐயத்திற்குரிய கதைசொல்லியால் கட்டப்படுகிறது. இந்நாவலைத் தமிழில் தருவோர் ஆங்கிலத்தில் கதைசொல்லி செய்யும் பணியைத் தமிழ் வினைமுற்று கெடுத்துவிடாமல் காக்க வேண்டியிருக்கும்.

5. சட்டத்தின் மொழி

புனைகதையில் இச்சிக்கல் சுவையைத் தொடுவது. சட்டத்தில் உயிரையும் உரிமையையும் தொடுவது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு 'கருச்சிதைவு உண்டாக்குதல்' எனப் பெயர்க்கத்தக்க குற்றத்தை வரையறுத்தது. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடங்குவாள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது. இதற்கு விலக்களிப்பதே 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். இது 1972 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இயற்றப்பட்ட அதே 1971இன் ஜூலை மாதத்தில், கொச்சிக் காயலின் மறுகரையிலுள்ள எர்ணாகுளத்தில் நடந்த குடும்பநல முகாமில் 63,000க்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பிள்ளைப்பேற்றைத் தடுப்பது அங்கு விழாப்போல ஊரறிய நடந்தது. தனியொரு பெண்ணின் தெரிவு மட்டும் வாய்க்குள்ளேயே நின்றது.

சட்டத்தின் சொற்களும் பின்னர் மாறின. கருத்தடை முறை தவறியதால் உண்டான கருவைப் பற்றிய விளக்கத்தில் 'மணமான பெண் அல்லது அவள் கணவன்' என்றிருந்ததை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 'எந்தவொரு பெண் அல்லது அவளுடைய இணை' என மாற்றியது. சிகிச்சை பெறும் பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிடலாகாது என்னும் பிரிவும் சேர்க்கப்பட்டது. வயதுவந்த பெண்ணுக்கு அவளுடைய இசைவே போதும். கணவனின் இசைவைச் சட்டம் கேட்கவில்லை.

2022 செப்டம்பரில் எர்ணாகுளத்திலுள்ள கேரள உயர்நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு ஒன்று மொழியியலாளர் கவனத்திற்கு உரியது. கணவனின் துன்புறுத்தலால் பிரிந்திருந்த இளம்பெண் ஒருத்தி கருவை நீக்க விரும்பினாள். சட்டப்படி மணமுறிவு பெறாமை தடையாகக் காட்டப்பட்டது. 20 வாரத்திற்கு மேல் 24 வாரம் வரை கலைக்க இசைவு தரும் விதி 'மணநிலை மாற்றம்' என்று கூறி, அடைப்புக்குறிக்குள் கைம்மை, மணமுறிவு என்னும் இரண்டைக் குறித்திருந்தது. அடைப்புக்குறிச் சொற்கள் பொருளை அடைத்துவிடுகின்றனவா, அன்றி எடுத்துக்காட்டுகளா என்பதே வினா. மணவாழ்வில் நேர்ந்த பெருமாற்றமே மணநிலை மாற்றம் என்று பொருள் கொண்டு, கணவனின் இசைவு வேண்டியதில்லை என நீதிமன்றம் முடிவு செய்தது. அதே மாதம் 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் இவ்விதியை மணமாகாத பெண்ணுக்கும் விரித்துப் பொருள் கூறியது. ஒரு சொற்றொடரின் பொருள்கோள் ஒரு பெண்ணின் வாழ்வைத் தீர்மானித்தது.

இச்சூழலில், மலையாளத்தில் 'களஞ்ஞு' என்று ஒரு பெண் மருத்துவரிடமோ காவலரிடமோ கூறியதைத் தமிழாக்குபவர் 'கலைத்தேன்' என்று எழுதுவாராயின், மூலத்தில் இல்லாத வினைமுதலைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார். 'கலைந்துவிட்டது' என்று எழுதுவாராயின் மூலத்தின் இயக்குவினையை அழித்துவிடுகிறார். முன்னது அவளைக் குற்றவாளியாக்கக்கூடும். பின்னது அவள் தெரிவையே இல்லையாக்கிவிடும்.

6. மொழிபெயர்ப்பாளர்க்கு உரிய வழிகள்

தமிழில் வழியே இல்லை என்பதற்கில்லை. செயப்பாட்டு வினையாகிய 'கலைக்கப்பட்டது' பலர் கையாள்வது. ஆயின் அது அலுவலக நடைக்கு உரியது. பேசும் பெண்ணின் வாயில் ஒட்டாது. உயர்வுப்பன்மையாகிய 'கலைத்தார்' பாலை மறைக்கிறது. ஆனால் செயலை மருத்துவர் பக்கம் தள்ளிவிடுகிறது. இவற்றினும் பொருத்தமானது பேச்சிலும் எழுத்திலும் உயிரோடுள்ள 'ஆயிற்று' அமைப்பு. சாப்பிட்டாயிற்று, சொல்லியாயிற்று என்பன போலக் 'கலைத்தாயிற்று' என்றால் இயக்குவினை கெடுவதில்லை. செயல் முடிந்தமை தெளிவு. செய்தவர் யார் என்பது மட்டும் சூழலுக்கு விடப்படுகிறது. முன்னர்க் கண்ட சான்று வாக்கியத்தை 'பழைய ஆளை மறக்கவில்லை, வயிற்றிலிருந்ததைக் கலைத்தாயிற்று, கட்டினவனுக்குத் தெரியாது' எனப் பெயர்த்தால் மூலத்தின் மௌனம் பெரும்பாலும் காக்கப்படுகிறது.

மறைவைக் காப்பது ஒரு கடமையானால், தெரிவைத் தெரிவாகக் காட்டுவது மற்றொன்று. இதற்குத் தமிழில் துணைவினைகள் உள்ளன. 'கலைத்துவிட்டாள்' என்பதில் மீளாமையும் சில வேளைகளில் பிறருடைய வருத்தமும் ஒலிக்கின்றன. 'கலைக்க வைத்தார்கள்' என்பதில் அவள் விருப்பத்திற்கு இடமில்லை. 'கலைத்துக்கொண்டாள்' என்பதிலேயே செயலின் பயன் தன்னை நோக்கியது என்னும் பொருள் அமைகிறது. மலையாளத்தில் 2021இல் வெளிவந்த சாராஸ் என்னும் திரைப்படம், கருவைத் தொடர வேண்டாமென்று முடிவு செய்யும் மணமான பெண்ணையே மையமாக்கியது. அங்கு மறைவு இல்லை, வாதமே உண்டு. அத்தகைய படைப்புக்குக் 'கொள்' ஏற்றது. மறைவை உயிராகக் கொண்ட படைப்புக்கு 'ஆயிற்று' ஏற்றது. இரண்டையும் கலைத்தாள் என ஒரே சொல்லால் பெயர்ப்பது, துணிந்து வெளியில் நின்றவளையும் அஞ்சி உள்ளே நின்றவளையும் ஒரே கூண்டில் ஏற்றுவதாகும்.

முடிவுரை

நீங்காத காதல் எதிர்மறையில் வாழ்வதால் தமிழில் மறைகிறது. கருவைப் பற்றிய தெரிவு உடன்பாட்டு இயக்குவினையாதலால் தமிழில் வெளிப்படுகிறது. மலையாளத்தில் இவ்வேறுபாடு இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுமே எழுவாய் வேண்டி நிற்கின்றன. ஒரே பெண்ணின் ஒரே மறைபொருள் மூன்று மொழிகளில் மூன்று அளவில் வெளிப்படுகிறது என்பது இதனாற் பெறப்படும்.

அலங்காரத்தின் கணவன் அறிந்தும் பேசவில்லை. காளிக்கு அறியத் தரப்படவில்லை. பழனியின் வீட்டில் மறவாமையே குற்றமாயிற்று. மூன்று நாவலாசிரியர்களும் தம் பெண்களைக் குறித்து எந்த அளவு சொல்லலாம் என்பதை அளந்தே சொல்லியுள்ளனர். அந்த அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் மற்றொரு மொழியில் தருவதற்கு, வினைமுற்றின் ஈற்றில் நிற்கும் ஓரசையையும் மொழிபெயர்ப்பாளர் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.